தராசு பிடித்த கையில் ஸ்பேனர்

நாகலூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்கு எல்லாச் சரக்கும் சேலத்திலிருந்துதான். அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம், மிளகாய் என்று எது வேண்டுமானாலும் செவ்வாய்ப்பேட்டைக்கும் லீ பஜாருக்கும் போய்த்தான் கொள்முதல் செய்தாக வேண்டும். விடியுமுன் மலை இறங்கி, உச்சி வெயிலுக்குள் சரக்கோடு மலை ஏறி, ஏற்காட்டையும் தாண்டி உள்ளே வந்து சேர்ந்தால்தான் அன்றைய மாலை வியாபாரம். எஸ்டேட்டில் கூலி வாங்கிய கையோடு வருகிற ஜனங்கள், கேட்ட சாமான் இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் அடுத்த வாரமும் அங்கேயேதான் போவார்கள் என்பதை நம் வணிகப் பெருமக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே மலைக் கடைக்காரனுக்கு வண்டி நின்றால் கடை நின்ற மாதிரி. அந்தக் கட்டாயம்தான் அண்ணன் தம்பியான எங்கள் இருவர் கையிலும் ஸ்பேனரைக் கொடுத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கையைச் சுட்டுக்கொண்டும், சட்டையைக் கிழித்துக்கொண்டும், ஒருமுறை உயிருக்கே உலை வைத்துக்கொண்டும் கற்றதைச் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள நினைத்தோம். நாங்கள் மெக்கானிக்குகள் அல்லர். அந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டுகிறோம்.

எங்கள் முதல் பாடம் ஒரு சித்திரை மாதப் பகலில் நடந்தது. அப்பா செகண்ட் ஹாண்டில் வாங்கிய பெட்ரோல் அம்பாசிடர். பின் சீட்டைக் கழற்றிவிட்டு அதில் துவரம் பருப்பு மூட்டைகளும், டிக்கியில் எண்ணெய் டின்களும். (வெள்ளை போர்டு வண்டியில் சரக்கு ஏற்றலாமா என்று யாரும் கேட்க வேண்டாம், அந்தப் பாவத்துக்கு அப்பா அவ்வப்போது அபராதமும் கட்டியிருக்கிறார்.) இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் ஏறியிருப்போம். வண்டி இரண்டு முறை இருமியது, அப்புறம் உயிரை விட்டுவிட்டது. செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பெட்ரோல் இருக்கிறது. பேட்டரி இருக்கிறது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரிய வைத்தியர் மாதிரி இருவரும் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றோம். என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

கீழிருந்து ஏறி வந்த ஒரு லாரி டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். வயதானவர். தோளில் இருந்த துண்டை எடுத்து எங்கள் தண்ணீர்ப் பானையில் நனைத்தார். "தம்பி, இது பெட்ரோல் பம்ப்பு. கொதிச்சுக் கெடக்குது பாரு. இதுக்குக் காய்ச்சல். நெத்தியில துணி போடற மாதிரி இதுக்கும் போடணும்" என்று அந்தப் பம்ப்பைச் சுற்றி ஈரத்துணியைச் சுற்றினார். ஒரு பீடி பிடித்து முடிக்கும் நேரம். "இப்ப அடிங்க" என்றார். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது! காசு கொடுக்கப் போனால் வாங்கவில்லை. "அந்தத் துண்டு மட்டும் உங்க கணக்குல" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நடந்தது என்னவென்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். பெட்ரோலில் லேசான பகுதி முப்பத்தைந்து, நாற்பது டிகிரிச் சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் இன்ஜின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் லோடோடு ஏறும்போது இன்ஜின் சூடு பம்ப்புக்கு இறங்கி, உள்ளே இருக்கும் பெட்ரோல் குமிழி குமிழியாகிவிடுகிறது. பம்ப் திரவத்தைத் தள்ளுமே தவிர ஆவியைத் தள்ளாது. அதிலும் மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். சமவெளியில் சமர்த்தாக ஓடும் வண்டி மலையில் மட்டும் மக்கர் செய்வதன் ரகசியம் இதுதான். அன்று முதல் ஸ்டெப்னி இருக்கிறதோ இல்லையோ, எங்கள் வண்டியில் ஒரு பழைய துண்டும் ஒரு பானைத் தண்ணீரும் தவறாமல் இருக்கும்.

ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

அந்த ஒரு வெற்றி தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு எண்ணெய் ஊற்றிய மாதிரி இன்னொரு சம்பவமும் நடந்தது. டவுனில் ஒரு ஒர்க்ஷாப்பில் (பெயர் வேண்டாம்) வண்டியை டியூனிங்குக்கு விட்டோம். மூன்று நாள் வைத்திருந்தார்கள். நான்கு பிளக்கும் புதிது போட்டதாகப் பில். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால், தம்பி அரத்தால் கீறி வைத்த அடையாளம் பழையபடியே பிளக்கின் பக்கத்தில் இருக்கிறது! புளியில் மண்ணைக் கலந்து விற்றால் நம்மை ஊரே ஏசும். ஆனால் பானெட்டுக்கு அடியில் நடப்பதை யார் பார்க்கிறார்கள்? இனி நம் வண்டிக்கு நாமே வைத்தியம் என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

அடுத்த ஞாயிறு கடைக்கு அரை நாள் விடுமுறை. பிளக்கைச் சுத்தம் செய்ய நான்கு ஒயர்களையும் ஒரே மூச்சில் பிடுங்கினோம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, இடைவெளியைச் சுமார் 0.6 மில்லி மீட்டருக்குச் சரிசெய்தோம். இதுவரை எல்லாம் சரி. திருப்பி மாட்டும்போதுதான் வந்தது வினை. எந்த ஒயர் எந்தப் பிளக்குக்கு? தோன்றியபடி மாட்டி ஸ்டார்ட் செய்தால் கார்புரேட்டர் வழியே 'டப்' என்று ஒரு வெடி. மாற்றி மாட்டினால் சைலன்சர் வழியே வெடி. தெருவில் இருந்த கோழிகள் எல்லாம் ஓடிவிட்டன. அம்மா வாசலுக்கு வந்து, "டேய், தீபாவளி இன்னும் வரலை" என்றார். பொழுது சாயும் வரை இருவரும் மாற்றி மாற்றி மாட்டினோம். நான்கு ஒயரை இருபத்து நான்கு விதமாக மாட்டலாம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் முன்பே பயந்திருப்போம்.

மறுநாள் ஏற்காட்டில் ஒரு ஜீப் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டோம். தலையைக்கூடத் தூக்காமல், "அம்பாசிடரா? ஒண்ணு மூணு நாலு ரெண்டுங்க. ரோட்டர் சுத்தற பக்கமே வரிசையாப் போடுங்க" என்றார். நான்கு சிலிண்டரும் வரிசையில் இருந்தாலும் நெருப்பு பிடிப்பது அந்த முறையில்தான். வீட்டுக்கு வந்து அப்படியே மாட்டினோம். முதல் தடவையிலேயே இன்ஜின் பூனைக்குட்டி மாதிரி உறுமியது. அதுமுதல் பொட்டலம் கட்டும் நூலை எடுத்து முதல் ஒயருக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு முடிச்சு என்று கட்டி வைத்துவிட்டோம். ஒரு சமயத்தில் ஒரு ஒயரைத்தான் கழற்ற வேண்டும் என்பது அதைவிடச் சுலபமான வழி என்று தம்பி மகன் பிற்பாடு சொன்னான். பத்து வயதுப் பையனுக்குத் தோன்றியது எங்களுக்குத் தோன்றவில்லை!

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது ஒரு கலை. பருப்பைக் கையில் எடுத்து வாயில் போட்டால் பழசா புதுசா என்று நாம் சொல்லிவிடுவதில்லையா, அதுபோல. முனை இளம் காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் இன்ஜின் ஆரோக்கியம். கரிப்பொடி மாதிரி உலர்ந்த கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், காற்றுக் குறைவு. எண்ணெய் வழிந்த கறுப்பாக இருந்தால் உள்ளே பிஸ்டன் ரிங்கில் கோளாறு. அது நம் கைக்கு அப்பாற்பட்டது. மலையில் ஓடும் பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு உலர்ந்த கறுப்புதான் சாதாரண வியாதி. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரேட்டருக்கோ அது தெரியாது. சேலத்தில் ஊற்றிய அளவே இங்கேயும் ஊற்றும். இன்ஜினுக்கு இழுவை குறையும், புகை கறுக்கும், மைலேஜ் அடிவாங்கும். மிக்ஸர் ஸ்குரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பி, சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்தினால் ஐட்லிங்காவது ஒழுங்காக நிற்கும். மலையில் நிறுத்தியதை வைத்துக்கொண்டு சேலத்துக்கு இறங்கினால் அங்கே தடுமாறும். எனவே இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் பார்த்து வைப்போம். நம் வியாபாரமும் அப்படித்தானே நடக்கிறது!

கடைச் சரக்கே கைமருந்து

இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குப் பெரிதும் பயன்படும் விஷயம் இனி வருவதுதான். வழியில் வண்டி நின்றால் தேவைப்படும் பொருள்களில் பாதி நம் கடையிலேயே இருக்கின்றன. பல சமயம் வண்டியில் ஏற்றியிருக்கும் சரக்கிலேயே இருக்கும்.

பெட்ரோல் டாங்க்கில் கல் பட்டு ஊசித்துளை விழுந்து சொட்டுகிறதா? குளியல் சோப்போ துணி சோப்போ ஒரு கட்டியை எடுத்து, ஈரமில்லாமல் அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்து அப்பினால் ஒழுகல் நின்றுவிடும். பெட்ரோல் சோப்பைக் கரைப்பதில்லை என்பதே காரணம். ஊர் வந்து சேரும் வரை தாங்கும். (அப்போது பீடி, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?)

ரேடியேட்டரில் சிறு கசிவு என்றால் மஞ்சள் தூள். இரண்டு மூன்று கரண்டியைத் தண்ணீரில் கலக்கி ஊற்றினால் துளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். லாரிக்காரர்கள் இதைக் காலம் காலமாகச் செய்கிறார்கள். ஆனால் இது ஊர் வந்து சேரத்தான். மஞ்சள் தூள் துளையை மட்டும் பார்த்து அடைப்பதில்லை, ரேடியேட்டரின் குறுகிய குழாய்களையும் அடைக்கும். வீட்டுக்கு வந்ததும் முழுத் தண்ணீரையும் இறக்கிக் கழுவிவிட வேண்டும். நாங்கள் ஒருமுறை கழுவச் சோம்பல்பட்டு, பிறகு ரேடியேட்டரையே கழற்றிக் கொடுத்து உள்ளே குத்தி எடுக்கச் சொல்ல வேண்டி வந்தது. ஐந்து ரூபாய் மஞ்சளுக்கு ஐந்நூறு ரூபாய்ச் செலவு. இன்னொன்று: கொதிக்கும் ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் உடனே திறக்கக் கூடாது. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் அழுத்தம்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. மூடியைத் திருகினால் அத்தனையும் முகத்துக்கு வரும். தம்பியின் இடது முழங்கையில் உள்ள தழும்பு அப்படி வந்ததுதான். அரை மணி ஆறவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொட்டினால் சூடான இரும்பு விரிசல் விடும்.

பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பது ஆசிட்டின் வேலை. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும். துடைத்து, காய்ந்தபின் இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவினால் பல மாதம் பூக்காது. வாசலின் இல்லாத நாளில் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறோம். மழையில் வைப்பர் நின்றுபோனால் புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்ப்பது பழைய டிரைவர்களின் வழக்கம். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாக வழியும். மெதுவாக ஓட்டி ஓர் ஒதுக்குப்புறம் போய்ச் சேர அது போதும்.

சில கைமருந்துகள் வெறும் கதை. பெட்ரோலில் கற்பூரம் போட்டால் மைலேஜ் கூடும் என்று ஒரு காலத்தில் எங்கள் கடையிலேயே பலர் வாங்கிப் போனார்கள். நாங்களும் போட்டுப் பார்த்தோம். கற்பூரம் விற்ற லாபம்தான் மிச்சம்.

மோட்டாரைத் தானே பிரித்துப் பார்த்துக் கற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. கோவைக்கு அருகே கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஒரு ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் வேலை, அதை அக்கக்காகக் கழற்றித் திரும்ப மாட்டியது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை விட்டார். அதுதான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்தது. இடையில் பஞ்சு வியாபாரத்துக்காகப் பம்பாய் போய்க் கைப்பொருளை இழந்தார் என்பதும் அவர் வரலாற்றில் உண்டு. இயந்திரம் கைவந்த அவருக்கே சந்தை கைவரவில்லை. சந்தை கைவந்த நமக்கு இயந்திரம் கொஞ்சம் தகராறு செய்வதில் வியப்பென்ன?

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து மக்கள் 1990-களில் பட்டபாடு இதைவிடப் பெரிது. பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடையாது. அங்கிருந்த பழைய மாரிஸ் மைனர், ஆஸ்டின் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த இன்ஜினில் பற்றாது. ஆகவே அரிதாகக் கிடைத்த பெட்ரோலைச் சிறு புட்டியில் வைத்துக்கொண்டு, சில சொட்டுகளைக் கார்புரேட்டரில் விட்டு ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெயில் தொடர்ந்து ஓட்டினார்கள். கடைக்காரரும் டாக்டரும் வாத்தியாரும் அங்கே மெக்கானிக்காக வேண்டியிருந்தது. உதிரிபாகம் வராத ஊரில் பழைய கார்களை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தார்கள்.

பிரேக்

இனி எழுதப்போவதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் அது சரியான தராசு ஆகாது.

அம்பாசிடரை விற்றுவிட்டு மாருதி ஆம்னி வாங்கியிருந்தோம். சீட்டைத் தூக்கினால் இன்ஜின், 796 சி.சி., மூன்றே சிலிண்டர். ஒயர் குழப்பம் குறைவு. எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன வண்டி. 1998 பிப்ரவரியில் பின் சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்தது. வீல் சிலிண்டர் கிட் வாங்கி வந்து நாங்களே மாற்றினோம். ரப்பரை ஒழுங்காகத்தான் போட்டோம். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் திறந்து மூடக் காற்றையும் எடுத்தோம். பிரேக் ஆயில் மட்டும் புதிது வாங்கவில்லை. மழைக்காலத்துக்கு முன் திறந்த டின் ஒன்று குடோன் அலமாரியில் முக்கால் பாகம் இருந்தது. மூடியும் சரியாக மூடவில்லை. 'இருப்பதை வீணாக்குவானேன்' என்ற கடைக்காரப் புத்தி. அதையே ஊற்றிவிட்டோம்.

மறுநாள் மிளகு மூட்டைகளோடு மலை இறங்கினோம். பின்னால் மூட்டைகளுக்கு நடுவே அம்மா. கண் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருந்தது. பாதி மலை இறங்கியபோது பெடல் பஞ்சு மாதிரி இருந்தது. அடுத்த வளைவில் மிதித்தால் பெடல் தரைக்குப் போய்விட்டது. கீழே ஒன்றும் இல்லை. தம்பி ஓட்டிக்கொண்டிருந்தான். "அண்ணா, பிரேக் இல்லை" என்றான். சத்தம் போடவில்லை, காதோடு சொன்னான், அம்மாவுக்குக் கேட்கக் கூடாதென்று. மூன்றாம் கியரிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று வலுக்கட்டாயமாக மாற்றினான், இன்ஜின் கதறியது. நாங்கள் ஹாண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தோம். மலைப் பக்கத்துச் சாக்கடையில் இடது சக்கரங்களை இறக்கி, மண் சுவரில் உரசிக்கொண்டே போய் நின்றது. எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. "என்னடா, கல்லா?" என்று கேட்டார் அம்மா. "ஆமாம்மா" என்றோம்.

வேடிக்கை என்னவென்றால், அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது! சரியாகிவிட்டது என்று நம்பி ஓட்டியிருப்போம். நல்லவேளை, கால் நடுக்கம் ஓட்டவிடவில்லை. அடிவாரத்திலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணனை அழைத்து வந்தோம். அவர் ரிசர்வாயரைத் திறந்து பார்த்து, "எந்த டின்னுங்க இது? தண்ணி குடிச்சிருக்கு" என்றார்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உப்பு மூட்டையைத் திறந்து வைத்த மாதிரிதான். டாட் 3 என்று டின்னில் போட்டிருக்கும் சாதாரண ரகம் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 140 வரை இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் அந்தச் சூட்டை எட்டுவது பெரிய விஷயமே இல்லை. கொதித்தால் உள்ளே ஆவி. ஆவி அமுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. ஆறினால் ஆவி திரும்பத் திரவமாகிவிடும், பெடலும் நல்ல பிள்ளை ஆகிவிடும். எங்கள் மஞ்சு மூடும் மலையில் மழைக்காலம் முழுக்கத் திறந்து கிடந்த டின் எவ்வளவு குடித்திருக்கும்! போதாததற்கு, தம்பி மூன்றாம் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியிருக்கிறான். ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதையின் பாலபாடம். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில், சில புண்ணியவான்கள் சாவியையும் அணைத்துவிட்டு, இறங்குகிறார்கள். இன்ஜின் நின்றால் பூஸ்டர் உதவியும் போய்விடும். இரண்டு மூன்று மிதிக்கு மேல் பெடல் கல்லாகிவிடும்.

அதன் பிறகு பிரேக், ஸ்டீயரிங் இரண்டிலும் நாங்கள் கை வைப்பதில்லை. மெக்கானிக் செய்வார், சீல் உடைக்காத டின்னை நாங்கள் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம். மீதி ஆயில் எவ்வளவு இருந்தாலும் அது எங்கள் அலமாரிக்குத் திரும்ப வராது. காஸ் கிட்டும் அப்படியே. வீட்டு அடுப்பு சிலிண்டரை வண்டிக்கு மாட்டி ஓட்டும் பழக்கம் ஒரு காலத்தில் நம் வியாபாரிகளிடமும் இருந்தது. அது சட்ட விரோதம் என்பது ஒருபுறம். சரக்குக்குப் பதில் வெடிகுண்டை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவது மறுபுறம்.

உதிரிபாகம் வாங்குவதில் நம்மவர்கள் ஏமாறக் கூடாது, ஆனாலும் ஏமாறுகிறோம். டீத்தூள் பாக்கெட்டில் எழுத்து மங்கலாக இருந்தாலே போலி என்று கண்டுபிடிக்கும் நாம், ஃபில்டர் டப்பாவில் கம்பெனிப் பெயரின் ஓர் எழுத்து மாறியிருப்பதைப் பார்ப்பதில்லை. விலை பாதியாக இருந்தால் சந்தோஷமாக வாங்கி வருகிறோம். பழைய பாகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்து எடை பார்ப்பதும், ஓட்டைகளை ஒத்துப் பார்ப்பதும் எங்கள் வழக்கம். எடை குறைந்தால் உலோகம் குறைவு. பில் கேட்டு வாங்கினால் சரக்கின் தரமே மாறுவதையும் பார்த்திருக்கிறோம். கார் என்று பதிவான வண்டியின் பழுதுச் செலவுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. சரக்கு வாகனத்துக்குக் கழிக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இரண்டுக்கும் இல்லை. எதற்கும் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளவும்.

இப்போது காலம் மாறிவிட்டது. அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. ஆம்னி 2019-ல் நின்றது. 2005-ல் வந்த டாடா ஏஸ் மலைக் கடைகளுக்கெல்லாம் பரவிவிட்டது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் சென்சார்களும் கம்ப்யூட்டரும்தான் ஆட்சி. மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்பேனர் பேசாது. ஸ்கேனர் பேச வேண்டும். தம்பி மகன் அப்படி ஒரு சிறு கருவி வாங்கி வைத்திருக்கிறான். ஸ்டீயரிங்குக்கு அடியில் சொருகினால் செல்போனில் கோளாறின் எண்ணைக் காட்டுகிறது. எந்தச் சென்சார் என்று தெரிந்துகொண்டு ஒர்க்ஷாப்புக்குப் போனால் நம்மிடம் கதை விட முடிவதில்லை. அந்த மட்டில் லாபம்.

ஆனாலும் பழைய வேலைகள் முழுக்க ஒழிந்துவிடவில்லை. பெல்ட், ஏர் ஃபில்டர், ஃபியூஸ், பல்பு, பேட்டரி முனை, டயர் காற்று, கூலன்ட் அளவு — இவை எந்த வண்டிக்கும் பொது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது மெக்கானிக் யாரும் மேலே வர முடியவில்லை. அந்த நாட்களில் எங்கள் தெருவில் மூன்று வண்டிகளைக் கிளப்பிக் கொடுத்தோம். ஒன்றில் ஃபியூஸ், ஒன்றில் ஈரம் ஏறிய ஒயர், ஒன்றில் வெறுமனே பெட்ரோல் இல்லை.

போன மாதம் தம்பி மகன் பழைய ஆம்னியை எடுத்துக்கொண்டு லீ பஜாருக்குப் போனான். திரும்பும்போது அடிவாரம் டீக்கடையில் நிறுத்தி, திரும்ப அடித்தால் செல்ஃப் 'டிக்' என்கிறதே தவிர சுற்றவில்லை. போன் செய்தான். "பெரியப்பா, லைட்டு எல்லாம் எரியுது, செல்ஃப் மட்டும் வரலைங்க."

"பேட்டரி முனை பூத்திருக்கா பாரு."

"பஞ்சு மாதிரி பூத்திருக்குங்க."

"வண்டியில என்ன லோடு?"

"ரவை, மைதா, அப்பளம்... ஆப்ப சோடா ஒரு பெட்டி."

அவன் சிரித்துவிட்டான். டீக்கடையில் ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கி, ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கரைத்து ஊற்றி, சாவியாலேயே சுரண்டி இறுக்கியிருக்கிறான். பத்து நிமிடத்தில் வண்டி மலை ஏறிவிட்டது. சாயங்காலம் சரக்கு இறக்கி எண்ணும்போது ஆப்ப சோடா ஒரு பாக்கெட் குறைந்தது. கணக்குப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். வண்டிச் செலவு என்று எழுதச் சொன்னோம்.